ஏழு தண்ணி விட்டுக் கழுவு! - ஆயா சொன்னதும் நான் எழுதாமல் விட்டதும்

செங்கல்பட்டிலிருந்து தினமும் காலை மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிறவள் நான். அன்றைக்கு ரயில் கூடுவாஞ்சேரியைத் தாண்டும்போது அப்பாவிடமிருந்து போன். அந்த நேரத்தில் அப்பா கூப்பிடவே மாட்டார்.

"அத்தை பாத்ரூம்ல மயங்கி விழுந்துட்டாம்மா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். நீ பயப்படாத."

பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே வரும். ஊரப்பாக்கத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் வந்த ரயிலில் ஏறிவிட்டேன்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. 58 வயது. அம்மா வேலைக்குப் போன நாள்களில் எனக்குத் தலைவாரி, டிபன் கட்டி, பள்ளிக்கூட வாசல் வரை கொண்டுபோய் விட்டவர் அவர்தான். பி.பி-க்கு ஆறு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். அதோடு கால் வீக்கத்துக்காக நீர் போகிற மாத்திரை ஒன்றும் உண்டு. மற்றபடி திடமான மனுஷி.

நான் போய்ச் சேர்ந்தபோது கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. உதடு காய்ந்து, கண் உள்ளே போயிருந்தது. டாக்டர் என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார்.

"பொட்டாசியம் 2.8-ல இருக்கு. சாதாரணமா 3.5-லருந்து 5 வரைக்கும் இருக்கணும். இன்னும் இறங்கியிருந்தா இதயத் துடிப்பே தாறுமாறா ஆகியிருக்கும். வாந்தி, பேதி ஏதாவது இருந்துச்சா?"

"கொஞ்ச நாளா வயிறு எளகித்தான் போவுது" என்றார் அத்தை.

"எத்தனை நாளா?"

"ஒரு பதினஞ்சு இருவது நாள் இருக்கும். கால்கூட ராத்திரியில பிடிச்சுப் பிடிச்சு இழுக்குது."

"நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?"

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

மிக்ஸி ஜாரில் பச்சை நுரை

மாற்றுப் புடவை எடுக்க அன்று இரவு வீட்டுக்கு வந்தேன். சமையலறையில் கழுவாமல் கிடந்த சின்ன மிக்ஸி ஜாரில் பச்சையாக நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தேன். கசப்பு நெடி.

"கத்தாழைதான்" என்றார் அம்மா. "உங்க அத்தை தினம் வெறும் வயித்துல அரைச்சுக் குடிக்கிறா. நீதானே எழுதின? உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். தொட்டியில் இருந்த கற்றாழையில் பாதி மடல்களைக் காணோம்.

ஆமாம், நான்தான் எழுதினேன். 'வெறும் வயிற்றில் கற்றாழை ஜூஸ்: 7 நன்மைகள்'. டிஜிட்டல் டெஸ்க்கில் ஒரு நாளைக்கு நான்கைந்து ஸ்டோரி முடிக்க வேண்டும். அதை நாற்பது நிமிடத்தில் முடித்திருந்தேன். மலச்சிக்கல் தீரும், சருமம் பளபளக்கும், உடல் சூடு தணியும் என்று ஏழு பாயின்ட். கடைசியில் செய்முறை. "கற்றாழை மடலை எடுத்து மோருடன் மிக்ஸியில் அடித்து, வடிகட்டிக் குடிக்கலாம்."

ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்து, அந்தக் கட்டுரையின் பழைய டிராஃப்ட்டைப் பார்த்தேன். முதலில் நான் எழுதியிருந்தது இது: "கற்றாழை மடலை எடுத்து, தோல் நீக்கி, கழுவி, மோருடன் மிக்ஸியில் அடித்து..." செல்போன் திரையில் வரி நீளமாகத் தெரிகிறது என்று 'தோல் நீக்கி, கழுவி' என்ற மூன்று வார்த்தைகளை எடுத்திருக்கிறேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. எடிட்டர் கை வைக்கவில்லை. நானே எடுத்தேன்.

அத்தை போனைத் திறந்தேன். அந்தக் கட்டுரையைப் பதினாலு வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்பியிருந்தார். எல்லாவற்றிலும் மேலே ஒரே வரி. "என் தம்பி பொண்ணு எழுதினது. படிங்க."

மறுநாள் காலை டாக்டரிடம் சொல்லிவிட்டேன். நான் எழுதியதைப் படித்துத்தான் குடித்தார் என்பதையும் சேர்த்தே சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. "தோலோட அரைச்சாங்களா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். "நீர் போற மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியில தள்ளும். பேதியும் தள்ளும். ரெண்டும் சேர்ந்துடுச்சு. நல்லவேளை சொன்னீங்க. இல்லன்னா வேற எங்கெங்கேயோ தேடிக்கிட்டு இருந்திருப்போம்."

திட்டியது அத்தைதான். "எதுக்குடி சொன்ன? உன் வேலைக்கு ஏதாச்சும் வந்துடப் போவுது."

மயங்கி விழுந்து, ஊசி குத்தி, இரண்டு நாள் படுத்துக் கிடந்தபோதும் அவர் வாயைத் திறக்காததற்குக் காரணம் அதுதான். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

ஆயாவின் அலுமினியக் குண்டான்

அத்தை வீடு திரும்பிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மாவைப் பெற்ற ஆயாவைப் பார்க்கக் கிளம்பினேன். ஆயா இருப்பது சதுரங்கப்பட்டினம் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் மலைக்கோயில் பின்னால் போய், கொஞ்ச நேரத்தில் மண் வெள்ளையாக மாறும். சவுக்குத் தோப்பு வரும். காற்றில் உப்பு வரும்.

அந்த மணலில் வேறு எது வருகிறதோ இல்லையோ, கற்றாழை வரும். வேலியோரம் யாரும் தண்ணீர் ஊற்றாமலே கொத்துக் கொத்தாக நிற்கும். ஆள் உயரத்துக்கு முள்முனையோடு நிற்கிற ரயில் கற்றாழை வேறு செடி. அதை யாரும் வாயில் வைப்பதில்லை. இது சோற்றுக் கற்றாழை. ஆயா வீட்டு வாசலிலும் ஒன்று, திருஷ்டிக்காக வேரோடு பிடுங்கித் தலைகீழாகக் கட்டி வைத்தது, மண்ணும் தண்ணீரும் இல்லாமல் தொங்கிக்கொண்டே பச்சையாக இருக்கும்.

நடந்ததைச் சொன்னேன். ஆயா ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் வேலியில் ஒரு மடலை அறுத்துக்கொண்டு வந்தார். அறுத்த பக்கம் கீழே இருக்கிற மாதிரி ஒரு தட்டில் சாய்த்து வைத்தார்.

"இரு. மொதல்ல அது அழுது முடிக்கட்டும்."

அறுத்த இடத்திலிருந்து மஞ்சளாக ஒரு பால் கசிந்தது. அரை மணி நேரத்தில் தட்டில் தேங்கி, விளிம்பில் பழுப்பாக மாறியது. பிறகு இரண்டு பக்க முள்ளையும் சீவி எறிந்தார். தோலைக் கத்தியால் உரித்தார். உள்ளே இருந்த கண்ணாடி மாதிரியான சோற்றைத் துண்டு போட்டு அலுமினியக் குண்டானில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். கொட்டினார். மறுபடி ஊற்றினார். முதல் தண்ணீர் லேசாக மஞ்சள். மூன்றாவதில் நிறம் போய்விட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"ஏழு தண்ணி விட்டுக் கழுவணும். அப்புறம் ஒரு துண்டை நாக்குல வெச்சுப் பாரு. கசந்தா எட்டாவது தண்ணி."

நாக்கில் வைத்தேன். கசப்பே இல்லை. சப்பென்று வழவழப்பாக இருந்தது. பிறகு, தட்டில் தேங்கிய மஞ்சள் பாலை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டேன். தண்ணீர் குடித்தும், வெல்லம் சாப்பிட்டும் அந்தக் கசப்பு பஸ் ஏறும் வரை போகவில்லை. சின்ன வயதில் விரல் சூப்புவதை நிறுத்த என் கட்டைவிரலில் ஆயா தடவியது இதுதான் என்று அப்போது ஞாபகம் வந்தது.

ஆயா இந்தக் கழுவலை என் கண்முன்னால் எத்தனையோ கோடை விடுமுறையில் செய்திருக்கிறார். நான் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அது ஏதோ வயதானவர்களின் சுத்தபத்தம் என்று நினைத்திருந்தேன்.

"அந்தப் பாலு விஷமா ஆயா?"

"விஷம் இல்ல. அது மருந்து. சோறு வேற, மருந்து வேற. அந்தப் பாலைக் காய வெச்சா கரியபோளம். வைத்தியர் எடை பார்த்துக் குடுப்பாரு. ஒரு நாள், ரெண்டு நாள். அவ்வளவுதான். மாசமா இருக்கறவ கிட்ட அதைக் காட்டவே மாட்டோம். நீ ரெண்டையும் ஒண்ணாப் போட்டு அரைக்கச் சொல்லிட்ட."

கசப்பின் பெயர் அலோயின்

ஊருக்குத் திரும்பிய பிறகு, நாற்பது நிமிடத்தில் செய்யாத வேலையை நாலு வாரம் உட்கார்ந்து செய்தேன்.

கற்றாழை மடலில் மூன்று அடுக்கு இருக்கிறது. வெளியே தடித்த பச்சைத் தோல். நடுவே கிட்டத்தட்ட முழுக்க நீரே ஆன சோறு. இரண்டுக்கும் இடையில், தோலை ஒட்டி உட்புறமாக ஓடுகிற நுண்குழாய்களை ஒட்டியிருப்பதுதான் அந்த மஞ்சள் பால். அதன் கசப்புக்கும் பேதிக்கும் முக்கியக் காரணமான பொருளின் பெயர் அலோயின். தோலோடு அரைக்கும்போது மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. மோரின் புளிப்பும் உப்பும் கசப்பைக் கொஞ்சம் மறைத்துவிடும். நாக்கு கொடுக்கிற எச்சரிக்கையும் போய்விடும். கழுவுவதில் விஷயம் இருப்பதற்குக் காரணம், அலோயின் தண்ணீரில் கரையக்கூடியது. ஏழு என்ற எண்ணில் மந்திரம் ஒன்றும் இல்லை. பால் வடிய வேண்டும், தோல் போக வேண்டும், கசப்பு போகும்வரை கழுவ வேண்டும். ஆயாவின் எட்டாவது தண்ணீருக்கு அதுதான் அர்த்தம்.

அலோயின் வயிற்றுக்குள் போனதும் உடனே ஒன்றும் செய்வதில்லை. பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே இருக்கிற பாக்டீரியாக்கள் அதிலிருக்கும் சர்க்கரைப் பகுதியைக் கழற்றிவிடும். அப்போதுதான் அது வேலை செய்கிற பொருளாக மாறும். குடல் சுவரைத் தூண்டி வேகமாக அசைய வைக்கும். குடல் தண்ணீரை உறிஞ்சவிடாமல் தடுக்கும். அதனால்தான் இரவில் சாப்பிட்டால் காலையில் வேலை செய்கிறது. தண்ணீர் வெளியேறும்போது பொட்டாசியமும் கூடவே போகிறது. நம் வீடுகளில் பேதிக்குக் கொடுக்கிற நிலாவரை இலையில் இருப்பதும் இதே குடும்பத்துப் பொருள்தான்.

இது இன்று நேற்று வந்த மருந்தும் இல்லை. அந்தப் பாலைக் காய்ச்சியோ வெயிலில் காய வைத்தோ எடுக்கிற கறுப்புக் கட்டிதான் கரியபோளம். மூசாம்பரம் என்றும் சொல்வோம். அடிபட்ட வீக்கத்துக்கு இழைத்துப் பற்றுப் போடுகிறோமே, அதேதான். ஏறக்குறைய 2,000 வருடத்துக்கு முன்னால் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடல் வழிப் பயண நூல்', நம் முசிறித் துறைமுகத்தைச் சொல்கிற அதே நூல், அரேபியக் கரையிலிருந்து ஏற்றுமதியான சரக்குகளில் இதையும் சொல்கிறது. 1851-ல் எடின்பரோவைச் சேர்ந்த டி அண்ட் எச் ஸ்மித் என்ற மருந்து நிறுவனத்தார் இந்தக் கட்டியிலிருந்து கசப்புப் பொருளைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அலோயின் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

அமெரிக்காவில் ரொம்ப காலம் இது டாக்டர் சீட்டு இல்லாமலே மருந்துக் கடையில் கிடைத்தது. 2002-ல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம், பாதுகாப்பானது என்று காட்டப் போதுமான ஆய்வு விவரங்களைத் தயாரிப்பாளர்கள் தரவில்லை என்று சொல்லி, கற்றாழைப் பேதி மருந்துகளை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பிறகு, நிறம் நீக்காத முழு இலைச் சாற்றை இரண்டு வருடம் குடிநீரில் கலந்து கொடுத்த எலிகளுக்குப் பெருங்குடலில் கட்டி வந்ததை அமெரிக்க அரசின் ஆய்வு ஒன்று கண்டது. சுண்டெலிகளுக்கு அப்படி வரவில்லை. மனிதர்களுக்கு வரும் என்று நிரூபணமாகவும் இல்லை. ஆனாலும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, முழு இலைச் சாற்றைப் 'புற்றுநோயை உண்டாக்கச் சாத்தியம் உள்ளவை' என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. இதெல்லாம் தோலோடு அரைத்த சாற்றைப் பற்றியது. கழுவிய சோற்றைப் பற்றியது இல்லை. கடையில் பாட்டிலில் விற்கிற ஜூஸுக்கு சர்வதேச கற்றாழைத் தொழில் அமைப்பு வைத்திருக்கிற அளவு, பத்து லட்சம் பங்கில் 10 பங்கு அலோயினுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது. தொழிற்சாலையில் கரியில் வடிகட்டி அதை நீக்குகிறார்கள். அந்த வேலையைத்தான் ஆயா ஒரு குண்டானில் செய்கிறார்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இதயத்துக்கு டிஜாக்ஸின் அல்லது நீர் போகிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தக் கசப்புப் பாலைத் தொடவே கூடாது. மற்றவர்களும் எந்தப் பேதி மருந்தையும் வாரக்கணக்கில் தாங்களாகவே சாப்பிடக் கூடாது. மலச்சிக்கல் நாள்கணக்கில் தொடர்ந்தால் டாக்டரிடம் போவதுதான் சரி. இதை முதல் கட்டுரையில் எட்டாவது பாயின்டாக எழுதியிருக்க வேண்டும்.

வண்டிக்காரரும் எடிட்டரும்

அன்று ஆயா வீட்டிலிருந்து திரும்பும்போது மாமல்லபுரம் வழியாக வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி. கற்றாழை மோர். நின்று பார்த்தேன். முப்பது வயது இருக்கும் அந்த அண்ணன், தோலை உரித்துச் சோற்றை ஒரு பக்கெட்டில் அலசி, தண்ணீரை மாற்றி, மறுபடி அலசிக்கொண்டிருந்தார்.

"எத்தனை தண்ணிண்ணா?"

நிமிர்ந்து பார்த்தார். "ஏழும்மா. இல்லன்னா கஸ்டமருக்கு வயித்தால போயிடும். நாளைக்கு எவன் வருவான்?"

நாளைக்கும் அதே வாடிக்கையாளர் முகத்தில் விழிக்க வேண்டும் என்ற பயம் அவருக்கு இருந்தது. என் வாடிக்கையாளர்களின் முகத்தை நான் பார்ப்பதில்லை. அதில் ஒரு முகம் என் வீட்டிலேயே இருந்தது. அதையும் நான் யோசிக்கவில்லை.

மறுநாள் டெஸ்க் சீஃபிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்று மனதைத் தயார்படுத்திக்கொண்டுதான் போனேன். அவர் கட்டுரையைத் திறந்து ஒருமுறை படித்தார். "உடனே திருத்து. திருத்தினதை மேலயே போடு. கீழ ஒளிச்சு வைக்காத" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அத்தை எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

திருத்தினேன். 'இந்தக் கட்டுரையில் முன்பு தவறு இருந்தது' என்று முதல் வரியிலேயே போட்டேன். முதல் கட்டுரையைப் படித்த கூட்டத்தில் ஒரு சின்னப் பங்குதான் திருத்தத்தைப் படித்தது. '7 நன்மைகள்' ஓடுகிற வேகத்தில் 'ஒரு தவறு' ஓடாது. அந்தப் பதினாலு குரூப்பிலிருந்து எங்கெங்கே போயிருக்கும், எத்தனை வீட்டு மிக்ஸியில் பச்சை நுரை காய்ந்திருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் கலைகிறது.

அத்தைக்கு இப்போது பரவாயில்லை. பொட்டாசியம் சரியாகிவிட்டது. டாக்டர் மாத்திரையையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார். மலச்சிக்கலுக்குக் கீரை, வாழைத்தண்டு, நிறையத் தண்ணீர் என்று ஓடுகிறது. மாடித் தொட்டிக் கற்றாழை மறுபடி தழைத்துவிட்டது.

திருத்திய கட்டுரையின் லிங்க்கை அத்தைக்கு அனுப்பியிருந்தேன். பதில் வரவில்லை. கோபம் என்று நினைத்தேன். ராத்திரி சாப்பிட்டு முடித்துத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, கூடத்தில் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாய்ஸ் மெசேஜ் போட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி பொண்ணு மறுபடி ஒண்ணு எழுதியிருக்கா. போன தடவை எழுதினதுல மூணு வார்த்தை விட்டுட்டா. அதைக் கேட்டுக்கங்க. தோல் நீக்கி, கழுவி. ஒரு தண்ணி ரெண்டு தண்ணி இல்ல, ஏழு தண்ணி. மாத்திரை சாப்பிடறவங்க அதுகூட வேணாம், டாக்டரைக் கேளுங்க. நான் கேக்காமக் குடிச்சு ஆஸ்பத்திரியில படுத்தேன். யாரும் சிரிக்காதீங்க."

அனுப்பிவிட்டு அடுத்த குரூப்பைத் திறந்தார். மொத்தம் பதினாலு குரூப். ஒவ்வொன்றிலும் முதலிலிருந்து, வணக்கத்திலிருந்து, மறுபடி பேசினார்.

"ஃபார்வேர்டு பண்ணலாமே அத்தை, ஒரே தடவை பேசினா போதும்" என்றேன்.

"ஃபார்வேர்டுன்னா எவனும் கேக்க மாட்டான்டி. நீ போய்ப் படு."